இம்பாவரிஷ், பாப்பரைஸ், பேங்க்ரப்ட்: எல்லாமே 'ஏழையாக்கு' தானா?

பாலக்கோட்டுத் தேர்வர்

எல்லோருக்கும் வணக்கம். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. தருமபுரியில் ஒரு பயிற்சி மையத்தில் கொடுத்த சொற்பட்டியலில் இம்பாவரிஷ், பாப்பரைஸ், பெகர், பேங்க்ரப்ட், ரூயின் என்று ஐந்து வினைச்சொற்கள். ஐந்துக்கும் எதிரே 'ஏழையாக்கு' என்றுதான் போட்டிருக்கிறது. அடுத்த பக்கத்தில் பாப்பர், இண்டிஜென்ட், டெஸ்டிடியூட், இன்சால்வென்ட். எல்லாவற்றுக்கும் 'ஏழை'.

நேற்று மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி. "தொடர் வறட்சி அந்த மாவட்டத்து விவசாயிகளை ______." நான் பாப்பரைஸ் போட்டேன். இம்பாவரிஷ்தான் சரி என்று அடித்துவிட்டார்கள். காரணம் கேட்டால், "காதுக்கு அதுதான் சரியாகப் படும்" என்கிறார் சார். என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. யாராவது விளக்க முடியுமா?

பென்னாகரம் பழைய வாத்தியார்

தம்பி, அவர்கள் சொன்ன விடை சரிதான். காரணம் சொல்லாமல் விட்டதுதான் தப்பு.

இம்பாவரிஷ் என்பது மெல்ல மெல்ல நடப்பது. கையில் இருந்தது கரைந்து, அதோடு தெம்பும் போவது. அதனால்தான் இந்தச் சொல் மனிதருக்கு மட்டுமல்லாமல் மண்ணுக்கும் வரும். எருவே போடாமல் வருஷா வருஷம் ஒரே பயிரை வைத்தால் நிலம் சத்திழந்து போகிறதல்லவா, ஆங்கிலத்தில் அதற்கும் இம்பாவரிஷ்தான். பூவர், பாவர்ட்டி, பாப்பர், இம்பாவரிஷ் நான்கும் லத்தீனில் 'பாவ்பெர்' என்ற ஒரே வயிற்றில் பிறந்தவை. அந்தச் சொல்லைப் பிரித்தால் 'கொஞ்சமாக ஈனுவது' என்று வரும். நம் மானாவாரிக் காட்டைப் பார்த்துப் பெயர் வைத்த மாதிரி இருக்கிறது! தமிழிலும் வறுமைக்கும் வறட்சிக்கும் வேர் ஒன்றே. கிணறு வற்றினால் வீடு வறண்டது. நம் பக்கத்து ஆட்களுக்கு இதை அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாப்பரைஸ் வேறு ரகம். இங்கிலாந்தில் பாப்பர் என்றால் சும்மா ஏழை என்று மட்டும் பொருளில்லை. ஊர்ப் பொதுப்பணத்தில் உதவி வாங்கிப் பிழைப்பவர் என்று பொருள். அப்படி வாங்குகிறவர் தோளில் 'பி' என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டுதான் நடமாட வேண்டும் என்று 1697-இல் சட்டமே போட்டார்கள். பிறகு 1834-இல் ஏழைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தக் காலத்து வாக்குவாதத்தில் அடிபட்ட சொல்தான் பாப்பரைஸ். உதவி கொடுத்துக் கொடுத்தே ஒருவரைக் கையேந்தியாக்கிவிடுவது என்று அர்த்தம். வறட்சி யாருக்கும் உதவி கொடுப்பதில்லையே. அதனால்தான் உங்கள் வாக்கியத்தில் அந்தச் சொல் உட்காரவில்லை.

நாலுரோட்டுக்காரன்

பெயர் எதுவானால் என்ன, பை காலி. இதற்கு இத்தனை ஆராய்ச்சியா?

ஆனால் வாத்தியார் சொன்ன பாப்பரைஸ் எனக்குப் பிடித்திருக்கிறது. நூறு நாள் வேலையும் ரேஷனில் இலவச அரிசியும் வந்த பிறகு மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. கொடுத்துக் கொடுத்துச் சோம்பேறியாக்கிவிட்டார்கள். இதுதானே அது?

அரூர் டீச்சர்

ஆமாம், அதேதான். 1834-இல் லண்டனில் பேசியவர்களும் நீங்கள் பேசுவதையேதான் பேசினார்கள். மல்லாட்டை மட்டும் அங்கே கிடையாது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இம்பாவரிஷ் என்றால் யார் பறித்தது என்று கேட்கத் தோன்றும். பாப்பரைஸ் என்றால் வாங்கியவரின் மேல் குறை விழும். எங்கள் ஊரிலிருந்து பெங்களூர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறார்கள். பிள்ளைகள் பாட்டி வீட்டில். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா அம்மாவைப் பார்ப்பதே பண்டிகைக்குத்தான். இவர்களைச் சோம்பேறி என்றால் எனக்கு ஏறாது. மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காததற்குக் கூலியும் ஒரு காரணமாக இருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

தேர்வர் தம்பிக்கு இரண்டு சொல். முதலாவது இண்டிஜென்ட். தேர்வில் இதற்குப் பக்கத்திலேயே இண்டிஜினஸ் என்று ஒன்றை வைத்துக் கவிழ்ப்பார்கள். இண்டிஜென்ட் என்றால் இல்லாதவர். இண்டிஜினஸ் என்றால் அந்த மண்ணிலேயே பிறந்தவர். ஒரு பெண் கட்டுரையில் எங்கள் சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களைப் பற்றி நன்றாக எழுதியிருந்தாள். ஆனால் வரிக்கு வரி இண்டிஜென்ட் மக்கள், இண்டிஜென்ட் பண்பாடு! தொல்குடி என்று எழுத நினைத்து, திக்கற்ற குடி ஆக்கிவிட்டாள். நான் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, அப்புறம் அது அவ்வளவு பெரிய பொய்யும் இல்லையே என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது டெஸ்டிடியூட். இதற்கு 'ஏழை' போதாது. லத்தீன் மூலத்தில் 'கைவிடு' என்ற பொருள் இருக்கிறது. பணம் இல்லாததோடு, தாங்க ஆளும் இல்லாத நிலை. தாலுகா ஆபீஸில் 'ஆதரவற்ற விதவைச் சான்று' என்கிறோமே, ஆங்கிலப் படிவத்தில் அது டெஸ்டிடியூட். யார் மொழிபெயர்த்தார்களோ, 'ஏழை விதவை' என்று எழுதாமல் 'ஆதரவற்ற' என்று போட்டவருக்கு ஒரு கும்பிடு.

கிருஷ்ணகிரி கோர்ட் குமாஸ்தா

பாப்பர் என்ற சொல் எங்கள் கோர்ட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கோர்ட் கட்டணம் கட்ட வசதி இல்லாதவர் கட்டணம் கட்டாமலே வழக்குப் போட, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 33 என்று ஒன்று உண்டு. 1976 திருத்தத்தில் பாப்பர் என்ற சொல்லை எடுத்துவிட்டு இண்டிஜென்ட் என்று மாற்றினார்கள். காகிதத்தில்தான் மாறியது. வக்கீல்கள் வாயில் அந்த மனு இன்றும் 'பாப்பர் ஓ.பி.'தான்.

கட்டணம் கட்ட வழியில்லை என்று காட்ட வேண்டும். அந்த வழக்குக்குக் கட்டணமே நிர்ணயிக்கப்படவில்லை என்றால், 1,000 ரூபாய்க்கு மேல் சொத்து இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்தான், நான் பூஜ்யத்தை விழுங்கவில்லை. ஆனால் கணக்கில் சேராதவை சில உண்டு. உடுத்துகிற துணி, சமையல் பாத்திரம், உழவனின் ஏர் கலப்பை, பிழைப்புக்கான மாடு, பெண் கழற்றக் கூடாத தாலி, இவற்றை ஜப்தி செய்ய முடியாது என்பதால் விட்டுவிடுவார்கள். ஒருமுறை பாகம் கேட்டு வந்த அம்மாவிடம் எதிர்த்தரப்பு வக்கீல் அரை மணி நேரம் ஆட்டைப் பற்றியே கேட்டார். எத்தனை ஆடு, குட்டி எத்தனை, கிடா உண்டா என்று. அந்த அம்மா கடைசியில், "ஏழை என்று சொல்வதற்கு இவ்வளவு கணக்கு ஒப்பிக்கணும்னு தெரிஞ்சிருந்தா கடன் வாங்கியே கட்டியிருப்பேன் சாமி" என்றார். நீதிபதிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

இன்சால்வென்ட் தனி. இதில் ஏழையா என்பது கேள்வியே இல்லை. லத்தீனில் 'அவிழ்' என்ற வினையிலிருந்து வருகிறது. கடன் முடிச்சை அவிழ்க்க முடியாதவர். பங்களா இருக்கலாம், கார் இருக்கலாம், கடன் அதைவிட அதிகமாக இருந்தால் இன்சால்வென்ட். ஊரில் 'ஐ.பி. கொடுத்துட்டான்', 'மஞ்சக் கடுதாசி விட்டுட்டான்' என்பது இதைத்தான். 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டத்தில் போடும் மனு அது. கம்பெனிகளுக்கு 2016-இல் புதுச் சட்டம் வந்தாலும், சாதாரண ஆள் நம் ஊர் கோர்ட்டில் போடுவது இன்னும் அந்தப் பழைய சட்டப்படிதான். அதிலிருந்து விடுபடாத வரை எம்.எல்.ஏ., எம்.பி. ஆக முடியாது, அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. ஏழைக்கு அந்தத் தடை கிடையாது.

ஓசூர் எல்லை

குமாஸ்தா அண்ணா சொன்னதும் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே டீக்கடையில் ஓடும். கன்னடக்காரர்கள் கடை மூழ்கிப்போனால் 'பாப்பர் ஆதா' என்பார்கள். மஞ்சக் கடுதாசிக்கு அவர்கள் பெயர் 'பாப்பர் சீட்டி'. அதாவது இங்கிலாந்தில் தோளில் தைத்த அந்த எழுத்தின் சொல், எல்லை தாண்டினால் திவாலான முதலாளிக்குப் போய்விட்டது! திவாலுக்கு அங்கே 'திவாளி' என்றும் சொல்வதுண்டு. தீபாவளி நேரத்தில் பட்டாசுக் கடைக்காரரிடம் இந்தச் சொல்லை வைத்துச் சிலேடை பேசி நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

பேங்க்ரப்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே. இத்தாலியில் காசு மாற்றுகிறவர் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார், கடன் கட்ட முடியாமல் போனால் அந்தப் பெஞ்சை உடைத்துவிடுவார்கள், அதுதான் பேங்க்ரப்ட் ஆனது.

பென்னாகரம் பழைய வாத்தியார்

பாதி சரி. 'பாங்கா ரோட்டா', உடைந்த பெஞ்சு, அந்த இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது உண்மை. நிஜமாகவே கோடாரி எடுத்துப் பெஞ்சை உடைத்தார்கள் என்பது பிறகு சொல்லச் சொல்ல வளர்ந்த கதை. 'அவன் தலையில் துண்டு விழுந்தது' என்கிறோம், நிஜமாகத் துண்டு எடுத்து யாராவது போர்த்தினார்களா? வடக்கே திவாலுக்கும் இப்படி ஒரு கதை உண்டு, நொடித்த வியாபாரி பட்டப்பகலில் கடை வாசலில் விளக்கேற்றி வைப்பாராம். கேட்க நன்றாக இருக்கிறது. தேர்வில் எழுத வேண்டாம்.

ஓசூர் எல்லை

எழுதவில்லை சார். இன்னொன்று மட்டும். 'ப்ரோக்' வேறு, 'ப்ரோக்கன்' வேறு. எங்கள் கம்பெனியில் ஒரு பையன் மாசக் கடைசியில் அட்வான்ஸ் கேட்டு மேனேஜருக்கு, 'ஐ ஆம் ப்ரோக்கன்' என்று மெயில் போட்டான். கையில் காசில்லை என்று சொல்ல நினைத்தான். அந்தச் சென்னைக்காரர் காதல் தோல்வி என்று நினைத்து இரண்டு நாள் லீவு கொடுத்தார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் இதற்கு 'ஸ்கின்ட்' என்றும் சொல்வார்கள். தோலை உரித்துவிட்டது என்று மூலம். ஃப்ளீஸ் என்றால் ஆட்டு ரோமத்தைச் சிரைப்பது, ஏமாற்றிப் பணம் பறிப்பதற்கும் அதே சொல். நாம் மொட்டை அடித்தான் என்கிறோம், அவர்கள் ஆட்டுக்கு அடிக்கிறார்கள்.

ராயக்கோட்டை தக்காளி

மொட்டை அடித்த கதை என்னிடம் கேளுங்கள். போன தடவை மழை நன்றாக இருந்தது, பூச்சியும் குறைவு. தக்காளிச் செடி மரம் மாதிரி காய்த்தது. எனக்கு மட்டுமா? பாலக்கோடு, ராயக்கோட்டை, காரிமங்கலம், எல்லார் காட்டிலும். மண்டிக்குக் கொண்டுபோனால் பறிகூலியும் வண்டி வாடகையும்கூடக் கட்டவில்லை. கடைசிப் பறிப்பை மாட்டுக்கு விட்டேன். அதற்கு முந்தின வருஷம் பாதிக் காய்தான் வந்தது, ஆனால் கையில் நின்றது அதிகம். வறட்சி ஏழையாக்கும் என்கிறீர்கள். விளைச்சல் ஏழையாக்குவதற்கு ஆங்கிலத்தில் சொல் இருக்கிறதா?

ஊத்தங்கரை எகனாமிக்ஸ்

இருக்கிறது அண்ணே. ஏறக்குறைய உங்களுக்காகவே செய்த மாதிரி ஒன்று. ஜகதீஷ் பகவதி என்ற பொருளாதார அறிஞர் 1958-இல் 'இம்மிசரைசிங் குரோத்' என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒரு நாடு தன் சரக்கை அதிகம் உற்பத்தி செய்து வெளியே அனுப்ப, அந்தச் சரக்கின் விலையே சரிந்து, வளர்ச்சிக்கு முன்பு இருந்ததைவிடக் கீழே போய்விடுவது. அவர் சொன்னது நாடுகளுக்கிடையே நடக்கும் வியாபாரத்தை. மண்டியில் நடப்பதும் கிட்டத்தட்ட அந்த வழிதான். இம்மிசரேட் என்ற வினையில் 'மிசரி' உட்கார்ந்திருக்கிறது. காசு குறைவதைவிட வாழ்க்கை அவதியாவதைச் சொல்லும் சொல்.

வாத்தியார் பெகரை விட்டுவிட்டார். பிச்சைக்காரன் என்ற பெயர்ச்சொல்லையே வினையாக்கி, 'பிச்சை எடுக்க வைப்பது'. 1776-இல் ஆடம் ஸ்மித், பக்கத்து நாடுகளையெல்லாம் பெகர் ஆக்குவதில்தான் தங்கள் லாபம் இருக்கிறது என்று நாடுகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டார். 1930-களில் ஒவ்வொரு நாடும் தன் நாணய மதிப்பைக் குறைத்து, இறக்குமதிக்கு வரி போட்டு, தன் கஷ்டத்தை அடுத்தவன் வாசலில் தள்ளியதற்கு 'பெகர் மை நெய்பர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வினைகளில் எனக்குப் பிடித்தது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்துத் தலைவர் தாதாபாய் நௌரோஜி பிடித்துக்கொண்ட சொல். இந்தியா ஏழை நாடு என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் பொறுப்பில்லை. அவர் 'ட்ரெயின்' (ரயில் அல்ல, drain) என்றார், செல்வம் வடிகிறது என்று. வடிகிறது என்றால் எங்கே போகிறது என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

பென்னாகரம் பழைய வாத்தியார்

பெகருக்கு இன்னொரு வேலையும் உண்டு. 'பெகர்ஸ் டிஸ்கிரிப்ஷன்' என்றால் வர்ணனைக்கு அடங்காதது. வர்ணிக்கப் போன சொல்லெல்லாம் ஓட்டாண்டியாகித் திரும்பும் என்று கருத்து. கிளியோபாட்ராவைப் பற்றி ஷேக்ஸ்பியர் இப்படித்தான் சொல்லவைத்தார். தேர்வில் வந்தால் பிச்சை என்று மொழிபெயர்த்து வைக்காதீர்கள், தம்பி.

பாலக்கோட்டுத் தேர்வர்

எல்லோருக்கும் நன்றி. நான் ஐந்து வாக்கியம் எழுதிப் பார்த்தேன், நாலு சரியாக வந்த மாதிரி இருக்கிறது. ஐந்தாவதில் நிற்கிறேன்.

எங்கள் தாத்தாவுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பும் ஒரு கிணறும் இருந்தன. கிணறு வற்றியதும் போர் போட்டார். முதல் போரில் தண்ணீர் வந்தது, மூன்று வருஷத்தில் நின்றது. அடுத்தது, அதற்கடுத்தது என்று பன்னிரண்டு வருஷத்தில் ஏழு போர். கடைசியாகப் போட்டது ஆயிரம் அடி தாண்டியும் வெறும் புழுதிதான் பறந்தது. ஒவ்வொரு போருக்கும் கொஞ்சம் நிலம் போனது. இப்போது வீடு மட்டும் இருக்கிறது. "போர்வெல் என் தாத்தாவை ______." ரூயினா, பேங்க்ரப்டா, இம்பாவரிஷா?

கிருஷ்ணகிரி கோர்ட் குமாஸ்தா

பேங்க்ரப்ட் வேண்டாம் தம்பி. அவர் நிலத்தை விற்றுக் கடனை அடைத்துவிட்டார். கோர்ட்டுக்கு வரவில்லை. மஞ்சக் கடுதாசி கொடுக்காத மனுஷன்மேல் அந்தச் சொல்லை ஒட்டாதீர்கள்.

பென்னாகரம் பழைய வாத்தியார்

குமாஸ்தா சொல்வது நியாயம். ரூயின் என்றால் இடிந்து விழுவது, ஒரே அடியில். ஏழாவது போரோடு எல்லாம் போயிருந்தால் அதைப் போடலாம். பன்னிரண்டு வருஷம் என்கிறீர்கள், அதனால் இம்பாவரிஷ்.

ஒன்று கவனித்தீர்களா? இத்தனை சொல்லிலும் 'அவர் ஏழையானார்' என்பதற்கு ஒரே வினை சிக்கவில்லை. இம்பாவரிஷ், பெகர், பாப்பரைஸ் எல்லாம் இன்னொருவர் செய்வது. தானாக ஆவதைச் சொல்ல 'பிகேம் பூவர்', 'வென்ட் ப்ரோக்' என்று இரண்டு சொல்லைக் கூட்ட வேண்டும். தமிழில் 'நொடித்தார்' என்றால் முடிந்தது. பழைய தமிழில் 'நல்கூர்தல்'. 219-ஆவது குறளில் வள்ளுவர் அந்த வினையைப் போடும் இடத்தைப் பாருங்கள்: 'நயனுடையான் நல்கூர்ந்தா னாதல்'. கொடுத்துப் பழகியவன் வறியவனாவது எப்போது என்றால், செய்ய வேண்டிய உதவியைச் செய்ய முடியாமல் தவிக்கும்போது. காசைப் பற்றி அந்தக் குறளில் ஒரு சொல்லும் இல்லை.

பாலக்கோட்டுத் தேர்வர்

ஐயா, இந்தக் குறளைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். "சரிதான், முன்னெல்லாம் தோப்புக்கு வர்றவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு இளநி வெட்டிக் கொடுப்பேன்" என்றார். போரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். ஊரில் எங்களை 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்பார்கள். இதற்கு ஆங்கிலத்தில் என்ன?

அரூர் டீச்சர்

'ரெட்யூஸ்டு சர்க்கம்ஸ்டன்சஸ்' என்று ஒன்று உண்டு. வசதி குறைந்துபோன நிலை என்று நாசூக்காகச் சொல்வது. பொருள் வரும். ஆனால் 'வாழ்ந்து' அதில் இல்லை.

நாலுரோட்டுக்காரன்

தம்பி, தாத்தாவுக்கு இளநி என் கணக்கு. சனிக்கிழமை பாலக்கோடு பக்கம் வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் வந்து நில்லுங்கள்.